விளக்குக்கு அந்தப் பக்கம்

செப்டம்பர் 9

இன்று என் சரக்குத் தோணி ‘மங்களமணி’யில் பெட்டியைப் பொருத்திவிட்டார்கள். சாம்பல் நிறம், டிபன் கேரியர் உயரம். சென்னைக் கம்பெனியிலிருந்து வந்த பெண்ணின் பெயர் ஆவுடைச்செல்வி. சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சியாம். தோணியின் ஏணியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அதைப் பார்த்ததும் தோணிக்காரர்கள் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கரையோரமாகப் புதிதாக நட்டிருக்கும் ஃபைவ் ஜி கோபுரங்கள் கன்னியாகுமரி தாண்டும் வரைக்கும் தோணியைத் தொடுமாம். அதற்கு அப்பால் மாலத்தீவு நெருங்கும் வரை எதுவும் கிடையாது. அப்படியானால் நடுக்கடலில் இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் அண்ணாச்சி பெட்டி. கரைக்குச் சொல்லி, கரை யோசிச்சு, பதில் வர்ற வரைக்கும் கடல் காத்துக்கிட்டு இருக்காது. இது தோணியிலேயே கணக்குப் போட்டு அங்கேயே சொல்லிடும். சிக்னல் கிடைச்சா உங்களுக்குச் சுருக்கத்தை மட்டும் அனுப்பும்.”

முதலாளியைக் கேட்காமல் தானே விலை சொல்லி விற்கிற ஆள் மாதிரி. அப்படி ஓர் ஆளை நான் கடையில் வைத்ததில்லை. தோணியில் வைத்திருக்கிறேன்.

ஏன் வைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் தண்டல் கஸ்பார் மோத்தா (தண்டல்தான் தோணிக்குக் கேப்டன்) காற்றில் மாட்டிக்கொண்டு இருநூற்றுப் பத்து மூட்டை வெங்காயத்தைக் கடலில் எறிந்துவிட்டு வந்தார். எறிந்ததற்கு அவர் சொல்தான் சாட்சி. தூத்துக்குடித் தோணிகளில் வழக்கம் அப்படி. துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் முயல்தீவுக் கலங்கரை விளக்கைத் தாண்டிவிட்டால் முதலாளிக்குத் தோணியில் குரல் கிடையாது. எதை எறிவது, எங்கே ஒதுங்குவது எல்லாம் தண்டல் பாடு. அதற்கு ஈடாக இன்னொரு வழக்கமும் உண்டு. எறிய வேண்டி வந்தால் தோணிக்காரர்கள் முதலில் தங்கள் சொந்தச் சரக்கைத்தான் எறிய வேண்டும், முதலாளி மூட்டை அதற்குப் பிறகுதான். கஸ்பார் அப்படித்தான் செய்ததாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். நம்பினேனா என்றால், பாதி.

இன்று அவரிடம் சொல்லிவிட்டேன். “இனி எதை எறியணும்னாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எறியும். பெட்டி வழியாப் பேசலாம்.”

“விளக்குக்கு அந்தப் பக்கமுமா அண்ணாச்சி?”

“அந்தப் பக்கமும்தான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

செப்டம்பர் 15

முதல் நடை. போனில் பச்சைப் புள்ளியாகத் தோணி போகிறது. வேகம், எஞ்சின் சூடு, எத்தனை அடி தண்ணீரில் அமிழ்ந்திருக்கிறது, சாய்ந்தால் நிமிர எத்தனை விநாடி ஆகிறது எல்லாம் தெரிகிறது. மதியம் சாப்பிடும்போதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். “தாலி கட்டி முப்பது வருசத்துல என்னைய இப்படி ஒரு நா பாத்ததில்ல” என்றாள் சண்முகக்கனி. ரசம் கேட்டேன்.

செப்டம்பர் 28

பெட்டி வேலை செய்கிறது. திரும்பி வரும்போது எஞ்சினில் ஒரு பேரிங் சூடேறுகிறது என்று அதுவே சொல்லி, கஸ்பார் வேகத்தைக் குறைத்து ஓட்டி வந்தார். இல்லாவிட்டால் நடுக்கடலில் நின்றிருக்கும். பழைய பேரிங்கை மேசையில் வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன்.

அக்டோபர் 6

தராசுக்கு முத்திரை வைக்க ஆள் வந்தார். நான்கும் சரி. ஒரு காலத்தில் கடைத்தெருவில் எந்தத் தராசு எத்தனை கிராம் தள்ளும் என்று எனக்கு மனப்பாடம். தராசு என்றால் சொன்னபடி கேட்கிற பொருள் என்பது அப்போது படிந்த நினைப்பு. கொள்முதலுக்கு ஒரு கல், விற்பனைக்கு ஒரு கல். இருபது வயதில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தபோது பார்த்துக் கற்றது. சொந்தக் கடை வைத்த பிறகு செய்ததில்லை. செய்யத் தேவை வரவில்லை என்பதுதான் சரி.

அக்டோபர் 20

துறைமுக ஜெட்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டது. ஒன்பது அடிக்கு மேல் அமிழக் கூடாதாம். தொண்ணூறு மூட்டை லாரியிலேயே நின்றது. மழை. மூன்று மூட்டை முளைவிட்டுவிட்டது.

ஆவுடைச்செல்வியிடம் போனில் கேட்டேன். அந்த ஒன்பது அடி யார் வைத்தது? தோணியின் பக்கத்தில், தண்ணீர் எட்டக் கூடாத அளவாக அடித்திருக்கும் வெள்ளைக் கோட்டை அளந்து அவள்தான் வைத்தாளாம். தோணியை மராமத்துப் பார்த்து அடிப்பலகை மாற்றினால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள என் போனிலேயே வழி இருக்கிறது, முதலாளியின் ரகசிய எண் போட்டால் போதும். “சும்மா மாத்திறாதீங்க அண்ணாச்சி. மத்த கணக்கெல்லாம் அதை வச்சுத்தான் போடும். மாத்தினாலும் பழைய எண்ணை அது அடிக்காது. பக்கத்துல புதுசை எழுதி, யார் எப்ப மாத்தினாங்கன்னும் எழுதிக்கும்.”

எங்கே எழுதும் என்று கேட்டேன். பெட்டிக்குள்ளேயே, கரைக்கு வராது என்றாள்.

நவம்பர் 11

மாலத்தீவில் விலை ஏறியிருக்கிறது. அடியில் சிமெண்டும் ஜல்லியும், மேல்தட்டில் வெங்காயம். நூற்று நாற்பது மூட்டை மிச்சம் இருக்கும்போது சிவப்பு. வானம் சுத்தமாக இருந்தது. அந்தக் காலத்தில் கோட்டுக்கு மேல் ஒரு அடி தண்ணீர் ஏறியும் தோணிகள் போய் வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதை ஒன்பதரை ஆக்கினேன். பச்சை வந்தது.

கஸ்பார் ஜெட்டி ஓரமாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். “கோடு முங்கிட்டு அண்ணாச்சி.”

“பெட்டி பச்சை காட்டுது. நீரு என்ன சொல்லுதீரு?”

அவர் பெட்டியையும் பார்த்தார், என் கையிலிருந்த போனையும் பார்த்தார். கோடு தெரிகிறது என்று புறப்பாட்டுத் தாளில் தண்டல்தான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். நெஞ்சில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு ஏறினார். நாளை விடிந்ததும் புறப்பாடு.

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 13

காலை ஒன்பதே முக்கால் வரை பச்சை. கன்னியாகுமரிக்குத் தெற்கே காற்று திடீரென்று திரும்பியிருக்கிறது. கடையில் இருந்தேன், சண்முகக்கனி டீ கொண்டுவந்து வைத்த நேரம். ஒன்பது ஐம்பத்திரண்டுக்குச் சிவப்பு. கொஞ்ச நேரத்தில் கஸ்பார் குரல். கடலிலிருந்து ஒரு தண்டல் என்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை. காற்றின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

“அண்ணாச்சி, தோணி சாஞ்சா நிமிர மாட்டேங்குது. மேல்தட்டுச் சரக்கை எறியச் சொல்லுது பெட்டி. எறியட்டுமா?”

எறியச் சொன்னேன். உடனே சொன்னேன்.

முந்நூற்று எழுபது மூட்டை போயிற்று. தோணி நிமிர்ந்துவிட்டது, திரும்பி வருகிறது. சரக்கு சரிந்ததில் பண்டாரி சிலுவைக்குக் கால் மாட்டிக்கொண்டதாம். தோணியில் சமையல் அவர்தான்.

டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. வேறு போடச் சொன்னேன்.

நவம்பர் 14

தோணி வந்து சேர்ந்தது. சிலுவைக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் பார்த்தேன். சொந்தச் சரக்காக அவர் கொண்டுபோன கருப்பட்டிப் பெட்டிகளை எறியப் போனபோதுதான் மூட்டைகள் சரிந்தனவாம். முதலாளியிடமிருந்து பதில் வருகிற வரைக்கும் சும்மா நிற்காமல் வழக்கப்படி தங்கள் சரக்கிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். அது இருந்தது பின்பக்கம், கீழே. அதை எறிந்து தோணி நிமிராது. பெட்டி சொன்னது மேல்தட்டை.

“கருப்பட்டி போச்சு மொதலாளி, காலு இருக்கு” என்று சிரித்தார். ஆரஞ்சு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 15

சண்முகக்கனி சோறு போடும்போது, “அன்னைக்கு அவ்வளவு நேரம் தண்டல்ட்ட என்ன பேசுனிய?” என்றாள். பல்லைப் பிடுங்க எந்த டாக்டரிடம் போகலாம் என்று கேட்டேன்.

நவம்பர் 22

பல் பிடுங்கியாயிற்று. கஞ்சிதான்.

டிசம்பர் 2

துறைமுக அலுவலகத்திலிருந்து விசாரணைக் கடிதம். ஆள் காயப்பட்டால் விசாரணை உண்டு. தோணியின் பக்கத்தில் படிந்திருந்த எண்ணெய்க் கறை வெள்ளைக் கோட்டுக்கு மேலே நிற்பதைப் போட்டோ எடுத்துப் போயிருக்கிறார்கள். கோடு முங்கியிருந்தும் புறப்பட விட்டது யார் என்பதுதான் கேள்வி. கையெழுத்து கஸ்பாருடையது. அவருடைய தண்டல் சான்றிதழை இப்போதைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். தப்பு அவர் மேல் என்று முடிவானால் திரும்பக் கிடைக்காது. வயது ஐம்பத்தொன்று. கடல் தவிர வேறு வேலை செய்ததில்லை.

மாலை ஆவுடைச்செல்வி போன். கரைக்கு வந்த சுருக்கத்தைக் கம்பெனி துறைமுக அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டதாம். அதில் புறப்பட்டதிலிருந்து ஒன்பது ஐம்பத்திரண்டு வரை பச்சைதான். முழு விவரம் பெட்டிக்குள் இருக்கிறது. அதை எடுக்க முதலாளியின் ரகசிய எண் வேண்டும்.

“அவங்க கேட்டாங்களா?” என்றேன்.

“அப்படி ஒண்ணு இருக்குன்னே அவங்களுக்குத் தெரியல அண்ணாச்சி. ஆனா பெட்டியில தொண்ணூறு நாள்தான் இடம். அப்புறம் பழசு மேலயே புதுசை எழுதிடும்.”

தோணி சும்மா கட்டிக்கிடக்கிறதே என்றேன். கட்டிக்கிடப்பதையும் அது எழுதிக்கொண்டுதான் இருக்குமாம். மின்சாரத்தைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

நவம்பர் பதினொன்றிலிருந்து தொண்ணூறு நாள் என்றால் பிப்ரவரி ஒன்பது.

டிசம்பர் 19

நாசிக்கிலிருந்து வந்த லோடு ஈரம். பாதியைத் திருப்பி அனுப்பினேன்.

ஐம்பத்திரண்டு நாள்.

ஜனவரி 8

விசாரணை. அதிகாரி சின்ன வயது, பொறுமையாகக் கேட்டார். முதலில் கஸ்பார்.

“கோடு தெரியுதுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். என் கண்ணு தப்பு. விளக்கைத் தாண்டினா எல்லாம் தண்டல் பொறுப்புதான் சார்.”

பிறகு நான். புறப்படும்போது எனக்கு வந்தது பச்சைதான் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. உத்தரவு பிப்ரவரி பன்னிரண்டில் வரும் என்றார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் கஸ்பார் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரியும் இல்லை. “சிலுவைக்கு அடுத்த வாரம் கம்பி எடுக்காவளாம்” என்றார். காரில் ஏறச் சொன்னேன். சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று நடந்துவிட்டார்.

ஜனவரி 10

வெங்காயம் நல்ல விலை.

ஜனவரி 23

மரக்கடை வழியாக வந்தேன். வாசலில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் வேலை. சட்டை அவருக்குத் தோளில் பெரிது. என் காரைப் பார்த்ததும் எழுந்து கேட்டைத் திறக்க வந்தார், பிறகுதான் யாரென்று தெரிந்தது. நான் மரம் வாங்க வந்ததாகச் சொல்லி, தேவையில்லாத இரண்டு சட்டம் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் எங்கே போடுவது என்று தெரியவில்லை.

பதினேழு நாள்.

பிப்ரவரி 3

இரண்டு தண்டல்களைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தேன். ஒருவர் பெட்டி இருந்தால் வர மாட்டேன் என்கிறார். இன்னொருவர் பெட்டி இருக்கிறது என்றதும், “அப்ப நமக்கு ஒரு பொறுப்பும் இல்லியே” என்று சந்தோஷமாகக் கேட்டார். இரண்டு பேரும் வேண்டாம்.

பிப்ரவரி 8

மதியம் கடையைச் சாத்திவிட்டு ஜெட்டிக்குப் போனேன். தோணியில் யாரும் இல்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டிக்கிடக்கிற தோணியில் என்னத்தை எழுதிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வயரைப் பிடுங்கினேன். ஸ்குரூ ஆறு. ஒன்று துருப்பிடித்துப்போய் வர மறுத்தது, உளி வைத்துத் தட்ட வேண்டியிருந்தது. துண்டில் சுற்றி எடுத்து வந்தேன்.

காரணத்தை எழுதுகிறேன். நல்ல தண்டல் கிடைக்கவில்லை. புது ஆளை எடுத்துப் பழக்க ஒரு சீசன் போய்விடும். அதைவிட இது லாபம். வேறு காரணம் இல்லை.

ஆவுடைச்செல்வியை வரச் சொல்லியிருக்கிறேன். ரயில் ஏறிவிட்டாளாம்.

பிப்ரவரி 9

துறைமுக அலுவலகம். அதிகாரியின் மேசையில் துண்டை விரித்துப் பெட்டியை வைத்தேன். ரகசிய எண்ணை நானே போட்டேன். ஆவுடைச்செல்வி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, ரேஷன் கடையில் பெயர் வாசிக்கிற மாதிரி.

நவம்பர் 11, மாலை 4.18. அமிழ்வு எல்லை ஒன்பது அடி. பக்கத்தில் ஒன்பதரை அடி. மாற்றியவர் முதலாளி.

நவம்பர் 13. பழைய எல்லையை வைத்துக் கணக்கிட்டிருந்தால் சாய்வுக்குச் சிவப்பு எரிந்திருக்க வேண்டிய நேரம் 7.30. எரிந்த நேரம் 9.52.

9.54 முதல் 10.05 வரை முதலாளியுடன் பேச்சு.

மேல்தட்டு எடை குறையத் தொடங்கியது 10.06.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். “பதினோரு நிமிஷம். என்ன பேசினீங்க?”

மற்றத் தோணிகள் எறிகின்றனவா என்று கேட்டேன். காற்று குறையுமா என்று கேட்டேன். ஜல்லியை எறிய முடியாதா என்று கேட்டேன். எத்தனை மூட்டை, அதைக் குறைக்க முடியாதா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் கஸ்பார் பதில் சொன்னார். எல்லாவற்றையும் அதிகாரி எழுதிக்கொண்டார். நானும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் ஆவுடைச்செல்வி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன்.

பிப்ரவரி 12

உத்தரவு வந்துவிட்டது. கஸ்பாருக்கு எச்சரிக்கையோடு சான்றிதழ் திரும்பக் கிடைக்கும். ‘மங்களமணி’ ஆறு மாதம் கடலுக்குப் போகக் கூடாது. எனக்கு அபராதம். சிலுவை நடக்கிற வரைக்கும் சம்பளம் நான் கொடுக்க வேண்டும். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சண்முகக்கனி சாப்பாட்டில் இரண்டாவது தடவையாக மீன் வைத்தாள்.

பிப்ரவரி 13

கஸ்பார் கடைக்கு வந்தார். காக்கிச் சட்டை இல்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கோபமாக இருந்தார்.

“நான்தான் சொல்லிட்டேம்லா அண்ணாச்சி. விளக்குக்கு அந்தப் பக்கம் நடந்ததுக்கு முதலாளி எதுக்குப் போய் நிக்கணும்? நாப்பது வருசமா ஒரு தோணியில நடக்காத காரியம்.”

“ஆறு அங்குலம் கூட்டினது அந்தப் பக்கம் இல்ல தண்டல். ஜெட்டியில. அது என் பக்கம்.”

மூட்டைப் பக்கம் போனார். வெங்காயம் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்துத் திரும்பப் போட்டார்.

“அப்ப அந்தப் பதினோரு நிமிசம்?”

டீ சாப்பிடுகிறீரா என்று கேட்டேன். சாப்பிட்டார். சீசன் எப்போது என்று கேட்டார். செப்டம்பர் என்றேன்.

ஆகஸ்ட் 27

ஆவுடைச்செல்வி வந்து பெட்டியைத் திரும்பப் பொருத்தினாள். ஒன்பது அடி. அந்த எண்ணை என் போனிலிருந்து இனி மாற்ற முடியாதபடி செய்யச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். முயல்தீவு விளக்கைத் தோணி தாண்டியதும் என் குரல் அதில் கேட்கக் கூடாது. தண்டலுக்குப் பெட்டி சொல்லட்டும், பெட்டி சொன்னதை வைத்துக்கொண்டு தண்டல் செய்யட்டும். எனக்குப் புள்ளி தெரிந்தால் போதும்.

“எல்லாரும் இன்னும் தூரமாப் பேசணும்னு கேப்பாங்க. நிறுத்தச் சொல்லிக் கேக்குற முதல் ஆள் நீங்கதான் அண்ணாச்சி.”

செய்ய முடியுமா முடியாதா என்று கேட்டேன். பத்து நிமிட வேலை என்றாள்.

செப்டம்பர் 3

விடிந்ததும் புறப்பாடு. கஸ்பார் ஜெட்டி ஓரத்தில் முழங்கால் போட்டுக் கோட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே நான்கு விரல் வெள்ளை தெரிந்தது. சிலுவை லேசாக நொண்டிக்கொண்டு ஏறினார். பின்பக்கம் கருப்பட்டிப் பெட்டிகளை அடுக்கப் போனவரை நிறுத்தி, மேல்தட்டில் முன்னால் வைக்கச் சொன்னேன், எறிய வசதியாக. “எறியுற எண்ணமே கூடாது மொதலாளி” என்றார்.

எட்டே காலுக்குப் புள்ளி விளக்கைத் தாண்டியது. கஸ்பாரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடிக்கவே இல்லை. அவள் சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

போனை மேசை டிராயரில் வைத்துவிட்டு இந்த நோட்டை எடுத்தேன். நவம்பர் 13 பக்கத்தைப் புரட்டினேன். ‘உடனே சொன்னேன்’ என்று இருக்கிறது. அதை அடிக்கவில்லை. பக்கத்தில் எழுதினேன்: பதினோரு நிமிடம். மாற்றியவர் முதலாளி. செப்டம்பர் 3, காலை 8.40.